ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால்...



‘உங்களிடம் உள்ள ரிவால்வர்களில் பிடித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், எதை வைத்துக்கொள்வீர்கள்?’ இதுதான் இன்றைய அரங்கத்தின் கேள்வி. கோலா தெர்லாவில் தேயிலையும் காய்கறியும் பார்த்து வாழும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நம் தாத்தா பாட்டி காலத்தில் துப்பாக்கி அன்றாடக் காட்சி. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்த அந்த நாட்களில் துரைமார் பலர் இடுப்பில் ரிவால்வருடன்தான் வேலைக்காட்டுக்குப் போனார்கள்.

இந்தக் கேள்வி இந்தியாவில் நிஜமாகவே எழுந்தது. அங்கே 1983ஆம் ஆண்டுத் திருத்தப்படி ஒருவர் உரிமத்துடன் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்க முடிந்தது. 2019 நவம்பரில் வந்த மசோதா ‘இனி ஒன்றுதான்’ என்றது. பாட்டனார் விட்டுப்போனதை எப்படிக் கொடுப்பது என்று எதிர்ப்புக் கிளம்பியது. டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இரண்டில் வந்து நின்றது. பரம்பரையாக வந்த துப்பாக்கியும் அந்த இரண்டுக்குள் அடக்கம். மிஞ்சியதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றார்கள்.

சரி, எதை வைத்துக்கொள்வது? விலை கூடியதையா, தாத்தாவின் கைபட்டதையா? ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளைக்குள் இருக்கும், பெரும்பாலும் ஆறு. ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். அதுதான் அதன் பலம். ஆனால் பழையதில் உருளையும் குழாயும் நேர்கோட்டில் பொருந்தாமல் போகலாம். அப்போது சுடுபவருக்கே ஆபத்து. பழைய ரகங்களுக்குத் தோட்டா கிடைப்பதும் அரிது.

ஆகவே என் அளவுகோல் நான்கு. உரிமத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தோட்டா கிடைக்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் பரிசோதித்திருக்க வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க முடிய வேண்டும். பாசம் ஐந்தாவதாக வரட்டும்.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டமோ, சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி என்கிறது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய ரிவால்வர் ஒன்று கிடைத்தால், எதை வைத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. தொடாதீர்கள், உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.

தாத்தாவின் நினைவுக்கு அவர் படம் ஒன்று போதும். அதற்கு உரிமம் வேண்டியதில்லை.