ஆராய்ச்சிப் பணமும் ஆலோசனைச் சபையும்

அமெரிக்காவில் சுமார் ஒரு லட்சம் பேரை வாட்டும் பரம்பரை வியாதி ஒன்று உண்டு. ரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் அரிவாளைப்போல் வளைந்து, ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். உண்டாகும் வலி சொல்லுந்தரமன்று. நோயாளிகளில் பெரும்பாலோர் கறுப்பு இனத்தார். சுவாசப்பையில் கெட்டியான கோழை அடைத்துக்கொள்ளும் வேறொரு பரம்பரை வியாதி, பெரும்பாலும் வெள்ளையரைப் பீடிப்பது. இதனால் வருந்துவோர் தொகை முன்னதில் பாதிக்கும் குறைவு. ஆயினும் 2008 முதல் 2018 வரை, நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்று பார்த்தால், பின்னதன் ஆராய்ச்சிக்கு மத்திய சர்க்கார் செலவிட்ட பணம் மூன்று மடங்குக்கு அதிகம் என்று 2020-ல் வெளியான கணக்கு ஒன்று காட்டிற்று.

இந்தப் பணத்தைப் பங்கிடுவோர் யார்? ஆராய்ச்சியாளரின் விண்ணப்பத்தை முதலில் நிபுணர் குழு ஒன்று பரிசீலித்து மதிப்பெண் இடுகிறது. பின்பு அது ஆலோசனைச் சபைக்குப் போகிறது. இச்சபையின் சிபாரிசின்றிப் பெருந்தொகை மானியம் எதையும் வழங்கலாகாதென்பது சட்டம். ஜனங்களுக்குள் ஆரோக்கியத்தில் காணும் ஏற்றத்தாழ்வை ஆராயவென்றே 2000-ல் தனி மையம் ஒன்று ஏற்பட்டது. 2010-ல் அது முழு ஸ்தாபனமாயிற்று. அதன் சபையில் விஞ்ஞானிகளோடு, பாதிக்கப்பட்ட சமூகத்தாரின் பிரதிநிதிகளும் அமர வேண்டும். கூட்டத் தேதியைச் சர்க்கார் கெஜட்டில் முன்கூட்டியே பிரசுரித்து, பொது ஜனங்களுக்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டுமென்று 1972-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. தனிப்பட்ட விண்ணப்பங்களை விவாதிக்கும்போது மட்டும் கதவு சாத்தப்படும். அது நியாயமே.

பரீட்சைத் தாள் திருத்துவதையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு ஒன்று தெரியும். பக்ஷபாதம் மதிப்பெண்ணில் மட்டுமல்ல, கேள்வியிலும் இருக்கக்கூடும். கறுப்பு இன விஞ்ஞானிகளுக்கு மானியம் கிடைக்கும் வாய்ப்பு, படிப்பும் அனுபவமும் ஒத்திருந்தபோதிலும், வெள்ளையரைவிட நூற்றுக்குப் பத்து அளவு குறைவு என்று 2011-ல் தெரியவந்தது. இந்த வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளினால் நேர்ந்தது என்று 2019-ல் மற்றோர் ஆராய்ச்சி கூறிற்று. ஆரோக்கிய ஏற்றத்தாழ்வும் சமூகச் சூழ்நிலையும் அத்தகைய பொருள்கள். எது ஆராயத்தக்கது என்பதிலேயே வித்தியாசம் புகுந்துவிட்டது. ஆகையால்தான் சபையில் நோயாளியின் தரப்பும் பேச வேண்டுமென்கிறோம்.

2025 ஜனவரியில் புதிய சர்க்கார் பதவியேற்றதும், இக்கூட்டங்களைப் பற்றிய அறிவிப்புகள் கெஜட்டுக்கு அனுப்பப்படாமல் நிறுத்தப்பட்டன. சட்டம் எதையும் எவரும் ரத்து செய்யவில்லை. அறிவிப்பு இல்லையேல் கூட்டம் இல்லை; கூட்டம் இல்லையேல் புதிய மானியம் இல்லை. வாரக்கணக்கில் வேலை ஸ்தம்பித்தது. ஏற்கனவே வழங்கிய மானியங்கள் பலவும் அவ்வருஷமே நடுவில் ரத்தாயின. ஏற்றத்தாழ்வு ஆராய்ச்சிகள் அவற்றுள் மிகுதி. அடுத்த வருஷத்து வரவு செலவுத் திட்டமோ, அந்த ஸ்தாபனத்தையே எடுத்துவிடலாம் என்று யோசனை கூறிற்று.