கடையில் வைக்கக் கூடாத சரக்கு



சில வாரங்களுக்கு முன் நாமகிரிப்பேட்டையில் உள்ள எங்கள் கடைக்கு ஓர் இளைஞர் பையுடன் வந்தார். பேனா போன்ற ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, "இதுல புகையே இல்லீங்கய்யா, வெறும் ஆவிதானுங்க. வித்துட்டுப் பணம் குடுத்தாப் போதுமுங்க" என்றார். மாம்பழ வாசனை தூக்கியது. அது மின் சிகரெட். வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். எல்லாக் கடைகளிலும் அப்படியே திரும்பியிருப்பாரா என்பது சந்தேகம். ஆகவே இதை எழுதுகிறோம்.

உள்ளே ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம். உறிஞ்சினால் சுருள் சூடாகித் திரவம் ஆவியாகும். புகையிலை எரிவதில்லை, உண்மைதான். ஆனால் திரவத்தில் பெரும்பாலும் நிகோடின் உண்டு. அசுவினிக்குப் புகையிலையை ஊறவைத்துத் தெளிப்பார்களே, அந்தச் சாற்றில் பூச்சியைக் கொல்வது இதுதான். இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பள்ளி வயதில் மூளை வளர்ந்துகொண்டிருப்பதால் பிள்ளைகளைச் சீக்கிரம் அடிமையாக்கும். பீடி முதல் இழுப்பிலேயே இருமல் தந்து பையனை விரட்டிவிடும். இதுவோ பழ வாசனையோடு தொண்டையை உறுத்தாமல் இறங்கும். திரவத்தைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பார்மால்டிஹைடு என்ற நச்சும், சுருளிலிருந்து நிக்கல், ஈயம் போன்றவையும் ஆவியோடு நுரையீரலுக்குப் போகலாம்.

அமெரிக்காவில் 2019இல் தொடங்கி 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேருக்குமேல் நுரையீரல் பாதிக்கப்பட்டு, 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்துள்ள திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெயே முக்கியக் காரணம் என்று கண்டார்கள். பருப்பில் கலப்படம் என்றால் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவோம். இதில் முடியுமா?

பீடி, சிகரெட் விற்கும் நாம் இதைப் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் சிகரெட்டை விட நினைக்கும் பெரியவர்களுக்கு மருத்துவத் துறையே இதைச் சொல்வதும் உண்டு. ஆனால் எங்கள் கடைக்கு வந்தவர் விசாரித்தது பெரியவர்களை அல்ல. பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றுதான் கேட்டார்.

தமிழ்நாட்டில் 2018லேயே இதற்குத் தடை வந்தது. 2019இல் மத்திய அரசே சட்டம் போட்டது. விற்றால் முதல் முறை 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். விற்காவிட்டாலும், தெரிந்தே கிடங்கில் வைக்க இடம் கொடுத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நண்பருடைய பார்சல், ஒரு நாள் இருக்கட்டும்" என்ற பேச்சு உதவாது. யாராவது வைத்துவிட்டுப் போயிருந்தால், அப்படியே காவல் நிலையத்தில் ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.