எண்ணூர்க் கசடும் பாக்டீரியாவின் பசியும்

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘டான் காஞ்சிபுரம்’, ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய் எர்ணாவூர் கரையில் கெட்டியாகத் திரண்டது. மீனவர்களும் தன்னார்வலர்களும் அதை வாளி வாளியாக அள்ளியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அள்ளிய கசடு என்ன ஆனது? இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு அதைச் சிதைக்கும் வேலையை பாக்டீரியாக்களிடம் விட்டது.

பூமிக்கடியிலிருந்து எண்ணெய் தானாகக் கசிவது மனிதர்கள் தோன்றுவதற்கு முன்பே உண்டு. அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் அப்படியே. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், அசினெட்டோபாக்டர் ஆகிய பேரினங்கள் சாதாரண மண்ணிலேயே இருக்கின்றன. எண்ணெய் தண்ணீரில் கரையாது. ஆகவே இவற்றில் பல, நுரைக்கும் ஒரு பொருளைச் சுரந்து எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கின்றன. பிறகு நொதிகள் ஹைட்ரோகார்பன் சங்கிலியின் நுனியில் ஆக்சிஜனைச் சேர்க்க, சங்கிலி படிப்படியாகக் கொழுப்பு அமிலமாகிறது. அதன்பின் நம் உடல் கொழுப்பை எரிக்கும் அதே வழிதான்: இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்பட்டு, கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீரும் மிஞ்சுகின்றன.

கார்பன் மட்டும் இருந்தால் உயிர் பெருகாது. எண்ணெயில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. எனவே கசடை மண்ணோடு கலந்து பரப்பி, உரமிட்டு, ஈரம் காயாமல் பார்த்து, காற்றுப் புகக் கிளறிவிட வேண்டும். கிட்டத்தட்ட வயல் வேலை. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோதும், கரையில் உரம் இட்டுத்தான் அங்கிருந்த பாக்டீரியாக்களை வேகப்படுத்தினார்கள். டீசல் சீக்கிரம் சிதையும். கப்பல் எரிபொருளில் உள்ள அஸ்பால்ட்டீன் என்ற கனமான கூறு எளிதில் அசையாது. கன உலோகங்களை எந்த பாக்டீரியாவாலும் சிதைத்து இல்லாமல் ஆக்க முடியாது.

இந்த முறை தடுமாறும் இடமும் எண்ணூரிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தை அடைந்து அலையாத்தி வேர்களில் படிந்தது. அந்தச் சேற்றில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். உள்ளே இறங்கிய எண்ணெய் ஆண்டுக்கணக்கில் தங்கும். கிளறலாம் என்றால் வேர் அறும், கால்பட்ட இடமெல்லாம் எண்ணெய் இன்னும் ஆழத்துக்குப் போகும். அதனால் மேலே மிதக்கும்போதே அள்ளிவிடுவதற்கு மாற்று கிடையாது. பாக்டீரியாவைக் காட்டி அதைத் தள்ளிப்போடுவது பெரும் தவறு. பாக்டீரியா தூவியாயிற்று என்ற அறிவிப்பும் போதாது. சேற்றில் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் எவ்வளவு என்று தூவும் முன்பும் அதன்பின் மாதாமாதமும் அளக்க வேண்டும். அந்த எண்கள், அங்கே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் காட்டுக்குப்பத்து மக்கள் கைக்கு முதலில் போய்ச் சேர வேண்டும்.