கிராம நீர்மின் நிலையமும் உதவிப்பணமும்

மலைநாட்டிலும் அதன் அடிவாரங்களிலும் ஆண்டு முழுவதும் வற்றாது ஓடும் சிற்றாறுகள் பல உள. அவற்றின் வீழ்ச்சியைக் கொண்டு தேயிலைத் தொழிற்சாலைகளை இயக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிற்று. ஆயினும் தோட்டங்களை அடுத்திருந்த கிராமங்கள் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னரே இரத்தினபுரி, கேகாலை முதலிய மாவட்டங்களிற் கிராம மக்கள் மின் நுகர்வோர் சங்கங்களாகக் கூடித் தமக்கெனச் சிறு நீர்மின் நிலையங்களை அமைக்கலாயினர்.

இந்நிலையங்களுட் சில நன்கு நடைபெற்றன, சில கைவிடப்பட்டன. இவ்வேறுபாட்டுக்கான காரணங்களை அறிதல், பொதுத்திட்டம் எதற்கேனும் உதவிப்பணம் கோர விரும்பும் ஒவ்வொரு கிராமத்துக்கும் பயன் தரும்.

பணம் வந்த வழி

1997 முதல் 2002 வரை, உலக வங்கியின் கடனுதவியையும் உலகச் சுற்றாடல் வசதியின் நன்கொடையையும் கொண்டு அரசாங்கம் ஒரு வலுத்திட்டத்தை நடத்தியது. அதன்கீழ் 35 கிராம நீர்மின் நிலையங்கள் அமைந்தன. அவற்றின் மொத்த வலு ஏறக்குறைய 350 கிலோவாற்று. 1,700 க்கு மேற்பட்ட வீடுகள் அவற்றால் ஒளிபெற்றன. 2002 இல் ஆரம்பமான அடுத்த திட்டம் 2011 வரை இப்பணியைத் தொடர்ந்தது.

செலவு முழுவதையும் அரசாங்கம் ஏற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முதற்றிட்டத்தில் ஒரு கிலோவாற்றுக்கு 400 அமெரிக்க டொலர் என்ற கணக்கில் நன்கொடை கிடைத்தது. மிகுதியிற் பெரும்பகுதி வங்கிக் கடன். ஏனையது மக்களின் பங்கு. அப்பங்கு பணமாக மட்டுமன்றிச் சிரமதானமாகவும் அமைந்தது. அணை கட்டுதல், வாய்க்கால் வெட்டுதல், கம்பம் நடுதல் ஆகிய வேலைகளைக் கிராமத்தவரே செய்தனர். தன் கையால் வெட்டிய வாய்க்காலை ஒருவன் எளிதிற் பாழாக விடான்.

நீரை அளக்கும் காலம்

வலுவை மதிப்பிடும் முறை எளிது. ஒரு விநாடியிற் பாயும் நீரை லீற்றரிலும், நீர் விழும் உயரத்தை மீற்றரிலும் அளந்து, இரண்டையும் பெருக்கி, வரும் தொகையை 5 ஆற் பெருக்கினால் கிடைக்கக்கூடிய வலு ஏறக்குறைய வாற்றில் வரும். குழாயிலும் இயந்திரத்திலும் ஏற்படும் இழப்பு இக்கணக்கில் அடங்கும்.

200 லீற்றர் கொள்ளும் பீப்பாய் 10 விநாடியில் நிரம்புமாயின் பாய்ச்சல் விநாடிக்கு 20 லீற்றராகும். உயரம் 50 மீற்றராயின் வலு 5,000 வாற்று. வீட்டுக்கு 200 வாற்று வீதம் 25 வீடுகளுக்கு இது போதும்.

இவ்வளவையை வறட்சி மிகுந்த மாதத்திலேயே செய்தல் வேண்டும். மழைக்காலத்தில் அளந்தால் வலு மிகுதியாகத் தோன்றும். அதற்கேற்பக் கடனும் பெருகும். வறட்சி வந்ததும் விளக்கு மங்கும். கடன் தவணையோ மங்காது. ஒரு நாள் அளந்த பிழையின் பலனைப் பல ஆண்டுகளுக்கு இருபத்தைந்து வீடுகள் சுமக்க நேரிடும்.

பங்கீடும் பராமரிப்பும்

200 வாற்று மின்கொண்டு விளக்குகளையும் வானொலியையும் தொலைக்காட்சியையும் பயன்படுத்தலாம். மின்னழுத்தியையும் கொதிகேத்தலையும் பயன்படுத்த இயலாது. ஒரு வீட்டில் அழுத்தி போட்டால் ஊர் முழுவதும் விளக்கு மங்கும். ஆகவே பங்கீட்டு விதிகளைத் தொடக்கத்திலேயே எழுதி, எல்லோரும் ஒப்பமிடுதல் வேண்டும். சங்கத் தலைவரின் வீட்டுக்கும் அவ்விதியே விதி.

உதவிப்பணம் நிலையத்தைக் கட்டுவதற்கு உதவும். நாள்தோறும் அதனை நடத்த உதவாது. சுழலியின் பெயாரிங் தேயும். மின்பிறப்பாக்கியின் சுருள் எரியக்கூடும். வெள்ளம் வாய்க்காலை உடைக்கும். வீட்டுக்கு மாதம் 100 ரூபா வீதம் 25 வீடுகள் சேமித்தால் ஆண்டுக்கு 30,000 ரூபா சேரும். இந்நிதி இல்லாத சங்கம் முதற் பழுதுடனேயே இருளில் மூழ்கும்.

ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள காட்டைக் காப்பதும் பராமரிப்பேயாகும். காடு அழிந்த சரிவில் மழைநீர் விரைந்தோடும். மாரியில் மண் வந்து வாய்க்காலை மூடும். கோடையில் ஊற்று வற்றும்.

பொது மின்வலை வந்தபின்

2010 இன் பின்னர்த் தேசிய மின்வலை ஏறத்தாழ எல்லாக் கிராமங்களையும் எட்டிற்று. உறுப்பினர் ஒவ்வொருவராக விலக, எஞ்சியோரால் செலவைத் தாங்க இயலாமற் பல நிலையங்கள் நின்றுபோயின. சில சங்கங்கள் மட்டும் தம் நிலையத்தை மின்வலையுடன் இணைத்து மின்னை விற்கத் தொடங்கின.

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், எரிபொருள் இன்மையால் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. அருகிலுள்ள ஆற்றின் நீரை நம்பியிருக்கும் நிலையத்துக்கு எரிபொருட் கப்பல் வேண்டியதில்லை என்பதை அந்நாட்கள் உணர்த்தின. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மின்வலையுடன் மட்டும் இயங்குமாறு அமைத்த நிலையமும் கூரைச் சூரியத் தகடும், வலையில் மின் நின்றவுடன் தாமும் நின்றுவிடும். பழுதுபார்க்கும் தொழிலாளரின் உயிர்ப் பாதுகாப்புக்காக அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. மின்வெட்டிலும் ஒளி வேண்டுமாயின், தனித்து இயங்கும் ஒழுங்கையோ மின்கலத்தையோ விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

விண்ணப்பிக்குமுன் கவனிக்க வேண்டியவை

1. சங்கத்தைப் பதிவு செய்து, அதன் பெயரில் வங்கிக் கணக்கு ஆரம்பித்தல் வேண்டும்.

2. அணை, வாய்க்கால், இயந்திர அறை ஆகியன அமையும் காணிக்கு எழுத்து மூல அனுமதி பெறுதல் வேண்டும். வாய்மொழி அனுமதி காணி கைமாறும்போது பயன்படாது.

3. கீழ்ப்புற வயல்களின் பாய்ச்சலுக்குக் குறைவு நேராதென்பதைக் கமக்காரருடன் பேசி உறுதிசெய்தல் வேண்டும்.

4. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிலைபெறுதகு வலு அதிகாரசபையிடம் அனுமதி குறித்து விசாரித்தல் வேண்டும்.

5. உலகச் சுற்றாடல் வசதியின் சிறுமானியத் திட்டம் 1994 முதல் இலங்கைச் சமூக அமைப்புகளுக்கு உதவி வந்துள்ளது. இத்தகைய மானியங்களுக்கு விண்ணப்பிக்கும்போது மக்களின் உழைப்பையும் பணமதிப்பிட்டுக் காட்டுதல் நன்று.

6. வரவு செலவைக் கூட்டந்தோறும் வாசித்தல் வேண்டும்.

உதவிப்பணம் வித்து நெல்லைப் போன்றது. நிலத்தைப் பண்படுத்தி, வரம்பு கட்டி, நீரை ஒழுங்குசெய்த பின்னரே வித்தை இடுதல் வேண்டும். ஆயத்தமில்லாத சங்கம் பெறும் பணம் பயனின்றி அழியும்; ஆயத்தமுள்ள சங்கம் பெறும் சிறுதொகையும் பல்லாண்டு விளையும்.