வலையின் உள்ளறை – 14: காபியின் துணைக்கால் எங்கே?

இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2003-இல் எப்படிப் பிறந்தது, யார் பெற்றது, எந்தப் பழைய மென்பொருளின் சாம்பலிலிருந்து எழுந்தது என்பதெல்லாம் போன வாரமே முடிந்தது. படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள். பெரிய பதிப்பு வருவதற்கு முன் தளத்தை எப்படிப் பிரதியெடுத்து வைப்பது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மார்ச் மாதத்தில் சேர்வராயன் மலையின் நாகலூரில் எல்லோருக்கும் கண் வானத்தின் மேல்தான் இருக்கும். இப்போது ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் காபிச் செடி வெள்ளையாகப் பூத்துவிடும். விழாவிட்டால் அடுத்த அறுவடையின் கணக்கே மாறிப்போகும். இந்தக் கவலைக்கு நடுவிலும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலி ஓரம் நின்று கேட்டது வேறு: "தம்பி, ஏழு வரப் போகுதாமே? நம்ம சைட்டு ஒடஞ்சு போயிருமா?" அவருக்கு ஒரு தளம் இருக்கிறது. தங்கும் அறை இரண்டு, காபித்தூள் விற்பனை, தமிழிலும் ஆங்கிலத்திலும் நாலைந்து பக்கம். மகன் பெங்களூரில் இருந்து கட்டிக் கொடுத்தது. "ஒடையாதுங்கய்யா, ஏழுங்கிறது ஆறு புள்ளி ஒன்பதுக்கு அடுத்த நம்பர், அவ்ளோதான்" என்றேன். அவர் நம்பவில்லை.

நம்பாததில் தப்பில்லை. எண் அப்படி ஏமாற்றும். வேர்ட்பிரஸ்ஸில் 3.9-க்கு அடுத்தது 4.0, 4.9-க்கு அடுத்தது 5.0, 5.9-க்கு அடுத்தது 6.0. ஒவ்வொரு பதிப்பும் 'பெரிய' பதிப்புதான். முழு எண் வருவதால் மட்டும் எதுவும் கூடுதலாகப் பெரிதாகிவிடாது. 6.9 கடந்த டிசம்பர் 2-ஆம் தேதி வந்தது. 7.0-க்கு ஏப்ரல் 9 என்று நாள் குறித்திருக்கிறார்கள். மும்பையில் வேர்ட்கேம்ப் ஆசியா மாநாடு தொடங்கும் நாள். பாங்காக்கில் 2020-இல் தொடங்கவேண்டிய மாநாடு இது. கொரோனாவால் ரத்தாகி, 2023-இல்தான் அங்கே கூட முடிந்தது. பிறகு தைபே, மணிலா என்று சுற்றி இப்போது நம் பக்கம் வருகிறது. ஒரே கட்டுரையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தும் வசதியை இந்தப் பதிப்பில் சேர்த்துவிடப் பார்க்கிறார்கள். நாகலூரில் ஒரு தளத்தை ஒரே நேரத்தில் இரண்டு பேர் திருத்தும் நிலைமை வரும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

முழு எண்ணுக்கு இவ்வளவு பயம் வரக் காரணம் 5.0. எழுதும் பெட்டியையே பிடுங்கிவிட்டு, பத்தி பத்தியாக, படம் படமாகக் கட்டைகளை அடுக்கி எழுதும் 'குட்டன்பர்க்' முறையைப் புகுத்திய பதிப்பு. நவம்பர் 19 என்றார்கள், 27 என்றார்கள், கடைசியில் 2018 டிசம்பர் 6-ஆம் தேதி, நாஷ்வில் வேர்ட்கேம்ப் மாநாட்டுக்கு முதல்நாள், இறக்கிவிட்டார்கள். பழைய பெட்டி வேண்டுமென்று அழுதவர்களுக்காக 'கிளாசிக் எடிட்டர்' என்ற பிளகினைக் கொடுத்து, 2021 முடியும் வரைதான் ஆதரவு என்றார்கள். 2021 போயே போய்விட்டது. பிளகின் இன்னும் இருக்கிறது. லட்சக்கணக்கான தளங்களில் ஓடுகிறது.

வேர்ட்பிரஸ்ஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ஜாஸ் கலைஞரின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். 5.0-க்கு வைத்தது கியூபப் பியானோக் கலைஞர் பேபோ வால்டேஸ் பெயர். ஹவானாவின் ட்ரோபிகானா விடுதியில் கொடிகட்டிப் பறந்தவர். 1960-இல் நாட்டைவிட்டு வெளியேறி, ஸ்டாக்ஹோமில் குடியேறி, பல ஆண்டுகள் ஓட்டல்களில் விருந்தாளிகளுக்கு வாசித்துக்கொண்டு உலகத்தால் மறக்கப்பட்டுக் கிடந்தார். 1994-இல் ஓர் இசைத்தட்டு அவரை மீட்டெடுத்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. கட்டுரைக்கு இது தேவையில்லைதான். ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, 7.0 இல்லையென்றால் தமிழில் தளம் வைத்திருப்பவர் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? குட்டன்பர்க் திட்டத்துக்கு நான்கு கட்டம். முதலாவது எழுதும் முறை. இரண்டாவது தளத்தின் முழு வடிவத்தையும் அதே கட்டைகளால் அமைப்பது. அது 2022 ஜனவரியில் 5.9-உடன் நுழைந்தது. மூன்றாவது, கூட்டாக எழுதுவது. நான்காவது, பன்மொழி. ஒரே தளத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்த வெளிப் பிளகின் எதுவும் தேவையில்லாமல் வேர்ட்பிரஸ்ஸே இடம் கொடுப்பது. மூன்றும் நான்கும் என்னென்ன என்று, வேர்ட்பிரஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக் மேடையில் சொன்னது அதே 2018 டிசம்பரில், அதே நாஷ்வில்லில். இப்போதுதான் மூன்றாவதில் நிற்கிறார்கள். நான்காவது வரும்வரை பெரியவரின் தளம் போன்றவை பாலிலாங் போன்ற பிளகின்களின் தோளில்தான் தொங்கவேண்டும். பெரிய பதிப்பு வரும்போது முதலில் உதறல் எடுப்பதும் அந்தத் தோள்களுக்குத்தான்.

போட்டிக் கடையான துருபல் இதை 2015 நவம்பரிலேயே கொடுத்துவிட்டது. துருபல் 8-இல் பன்மொழி உள்ளேயே இருந்தது. விலைதான் கடுமை: 7-இலிருந்து 8-க்குப் பட்டனை அமுக்கிப் போக முடியாது; வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போகவேண்டும். பலர் போகவில்லை. 2011 ஜனவரி 5-இல் வந்த துருபல் 7-க்கு ஆதரவை நிறுத்தும் தேதியைத் தள்ளித் தள்ளி, கடைசியில் 2025 ஜனவரி 5-இல்தான் மூடினார்கள். சரியாகப் பதினான்கு வருஷம். பழையதை உடைக்காமல் மெதுவாக நகரும் வேர்ட்பிரஸ் வழிதான் நம் ஊருக்குச் சரி என்பது என் கட்சி. மகன் பெங்களூரில் இருக்கும் தளத்தை யார் இடித்துக் கட்டுவது?

(அரசுத் தளங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. சேலம் மாவட்டத் தளம் தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் ஏற்பாட்டில் நடக்கிறது. அப்டேட் பட்டன் கலெக்டர் அலுவலகத்தில் இல்லை, மையத்திடம் இருக்கிறது.)

இனிப் பிரதியெடுப்பு என்று ஆரம்பிக்க இருந்தேன். பெரியவரின் தளத்தைத் திறந்தபோது இரண்டு முகவரிகள் கண்ணில் பட்டன. அங்கேயே இந்த வாரம் மாட்டிக்கொண்டது.

அவர் எழுதிய ஒரு பக்கத்தின் தலைப்பு 'நாகலூர் சேர்வராயன் மலை காபி'. இன்னொன்று 'நாகலூர் சேர்வராயன் மலை கமலா ஆரஞ்சு'. முதல் பக்கத்தின் முகவரி 'நாகலூர்-சேர்வராயன்-மலை-க' என்று முடிகிறது. இரண்டாவது 'நாகலூர்-சேர்வராயன்-மலை-க-2'. காபிக்குத் துணைக்காலும் இல்லை, பியும் இல்லை. கமலா ஆரஞ்சு 'க-2' ஆகிவிட்டது.

காரணம் ஒரு கணக்கு. பக்கத்தின் தலைப்பிலிருந்து செய்யும் முகவரிக்கு வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் ஒதுக்கியிருக்கும் நீளம் 200 இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தெண்ணுமாக விரியும். ஆக ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம். 200-ஐ ஒன்பதால் வகுத்தால் 22 குறி. அதுவும் எழுத்து அல்ல, குறி: 'கா' என்றால் ககரம் ஒன்று, துணைக்கால் ஒன்று. 'ர்' என்றால் ரகரம் ஒன்று, புள்ளி ஒன்று. 'நாகலூர்' என்று எழுதினாலே ஏழு குறி, 63 இடம். 'சேர்வராயன்' பத்து குறி, 90 இடம். 'மலை' 27. நடுவில் மூன்று சிறுகோடு. மொத்தம் 183. காபியின் 'க' வந்ததும் 192. துணைக்காலுக்கு ஒன்பது இடம் வேண்டும், எட்டுதான் மிச்சம். வெட்டு! ஆரஞ்சுக்கும் அதே இடத்தில் அதே வெட்டு; முன்பே ஒரு 'க' இருப்பதால் பின்னால் ஒரு 2.

இதே கணக்கில் ஓர் ஆங்கிலத் தலைப்பு முப்பது சொல் வரை தாராளமாக நீளலாம். நமக்கு மூன்றரைச் சொல்.

நீளத்தை 400 ஆக்குங்கள் என்ற வேண்டுகோள் 2009-லேயே வேர்ட்பிரஸ் நிரலாளர்களிடம் பதிவானது. நம்மவர்கள் மட்டுமல்ல, தாய்லாந்து, ஜப்பான், வங்கம், இந்தி என்று மூன்று பைட் எழுத்துக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வெட்டு உண்டு. ஏழு வருகிறது, எட்டு வருகிறது என்று யாரும் கொண்டாடாத இந்த ஒரு எண்ணை மாற்றினால் அதுதான் நமக்கு மேஜர் அப்டேட்.

இந்த வெட்டைத் துருவிக்கொண்டே போனபோது அகப்பட்டது இன்னொரு வெட்டு. அதுதான் இந்த வாரத்தின் என் சந்தோஷம். 2015 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்பில் 'இனி ஈமோஜி போடலாம்' என்று பெரிதாக அறிவித்தார்கள். வெறும் மஞ்சள் முகங்களுக்காகத் தரவுத்தளத்தின் எழுத்துமுறையையே மாற்றுகிறார்களே என்று பலர் சிரித்தார்கள். உள்கதையை, மூத்த நிரலாளர்களில் ஒருவரான ஆண்ட்ரூ நேசின் பிறகு ஒரு மாநாட்டு மேடையில் உடைத்தார். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் பழைய 'யுடிஎஃப்8' உண்மையில் மூன்று பைட் வரைதான் தாங்கும். நான்கு பைட் எழுத்து ஒன்று வந்தால் அந்த இடத்தோடு மீதி வாக்கியத்தையே சத்தமில்லாமல் வெட்டிவிடும். பாதியில் வெட்டுப்பட்ட பின்னூட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு தளத்துக்குள் தீய நிரலை நுழைக்க முடியும். அந்த ஓட்டையை உலகத்துக்குச் சொல்லாமல் அடைக்கவேண்டும். அதற்குக் கிடைத்த போர்வை ஈமோஜி. சிரித்துக்கொண்டே வந்த மஞ்சள் முகத்துக்குப் பின்னால் கொத்தனார் நின்றிருக்கிறார்.

தமிழ் மூன்று பைட்டாயிற்றே, நமக்கு இதில் என்ன என்றால், அங்கேதான் விஷயம். தமிழ் முழுவதும் மூன்று பைட் அல்ல! 2019 மார்ச்சில் யூனிகோடு 12.0 தமிழுக்கு ஒரு துணைத் தொகுதி கொடுத்தது. 51 குறிகள். நம் பாட்டன்கள் நெல் கணக்கிலும் நிலக் கணக்கிலும் போட்ட பின்னக் குறிகள்: முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒன்று, காணி, எண்பதில் ஒன்று, மா, இருபதில் ஒன்று, அரைக்கால், கால், அரை, முக்கால். கூடவே அளவைக் குறிகளும் பணக் குறிகளும். இவை குடியிருப்பது யூனிகோடின் மேல்தளத்தில், ஈமோஜி குடியிருக்கும் அதே தளத்தில். ஆகவே ஒவ்வொன்றும் நான்கு பைட். ஒரு பழைய பத்திரத்தை அப்படியே தட்டச்சிட்டு 4.2-க்கு முந்தைய வேர்ட்பிரஸ்ஸில் போட்டால், நிலத்தின் அளவு 'மா'வைத் தொட்ட இடத்தில் பத்திரம் முடிந்துபோயிருக்கும். குறிகள் வருவதற்கு நான்கு வருஷம் முன்பே, நம்மை நினைத்தே பார்க்காமல், ஈமோஜிக்காரர்கள் நமக்கு இடம் ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

அதற்கும் ஒரு கூலி பிடித்துக்கொண்டார்கள். எழுத்துக்கு நான்கு பைட் என்றானதும், 767 பைட்டுக்கு மேல் தாங்காத பழைய அட்டவணைக் குறிப்பில் 191 எழுத்துதான் அடங்கியது. அன்றிலிருந்து முகவரிக்கு 200 இடம், அதைத் தேடும் குறிப்புக்கு 191. 200-ஐ 400 ஆக்கு என்றால் நிரலாளர்கள் ஏன் இழுக்கிறார்கள் என்பதற்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. மீதிப் பாதி, உலகத் தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் இதில்தான் ஓடுகின்றன என்பது. அத்தனை பேர் வீட்டு அஸ்திவாரத்திலும் ஒரே ராத்திரியில் கை வைக்கவேண்டும்.

பெரியவருக்கு நான் செய்துகொடுத்தது சின்ன வேலை. பக்கத்தைத் திறந்து, வலப்பக்கத்தில் முகவரிப் பெட்டியில் 'நாகலூர்-காபி', 'நாகலூர்-ஆரஞ்சு' என்று கையாலேயே அடித்துவிட்டேன். இடுகையாக இருந்தால் பழைய முகவரியில் வருபவர்களை வேர்ட்பிரஸ்ஸே புதியதற்கு அனுப்பிவிடும்; பக்கத்துக்கு அந்த வழிமாற்றலை நாமேதான் போடவேண்டும். "இதுக்கு ஏழு வேண்டியதில்லையா?" என்றார். வேண்டியதில்லை.

ஆசிரியர் குழுவிடமிருந்து இரண்டாவது போன் வந்துவிட்டது. மலையில் மூடுபனி இறங்கினால் இணையம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எனவே பிரதியெடுப்பு, சோதனைத் தளம், எந்த பிளகினை முதலில் நிறுத்துவது ஆகியவை அடுத்த வாரம். அதுவரை ஒரே ஒரு வேலை. உங்கள் தளத்தின் நிர்வாகப் பக்கத்தில் 'கருவிகள்' என்பதன் கீழ் 'தள நலம்' இருக்கும். அதில் சர்வரின் பி.எச்.பி. நிரல்மொழி எந்தப் பதிப்பு என்று பாருங்கள். வேர்ட்பிரஸ் 7.0-க்குக் குறைந்தது பி.எச்.பி. 7.4 வேண்டும். 7.2, 7.3 என்று காட்டினால் அப்டேட் பட்டனைத் தொடாதீர்கள். தளத்துக்கு இடம் வாடகைக்குக் கொடுத்தவருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் அவர் எடுக்கமாட்டார்.

(தொடரும்)