குடும்ப நோயை மருத்துவரிடம் மறைக்கலாமா?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரை, மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், தாய் எது, தகப்பன் எது என்று விசாரித்துத்தான் விலை பேசுவார்கள். அதே ஊரில், "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா?" என்று மருத்துவர் கேட்டால், "அப்படியெல்லாம் இல்லைங்க" என்று சொல்லிவிடுகிறோம். நன்னா குடலில் கட்டி வந்து மவுத்தானதும், மாமிக்கு அதே நோய் வந்ததும் வாயில் வருவதில்லை. பெண்ணுக்கு நிக்காஹ் பேச வேண்டுமே என்ற பயம்.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் 100க்குச் சுமார் 3, 'லிஞ்ச் சிண்ட்ரோம்' என்ற பரம்பரைக் கோளாறால் வருபவை. டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது விழும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று பழுதாகிவிடுவதே காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. இது முன்கூட்டியே தெரிந்தால் இளம் வயதிலேயே கொலனோஸ்கோபி செய்து, புற்றாக மாறும் முன்பே குடலில் உள்ள பாலிப்பை எடுத்துவிடலாம்.

மற்றவர்களுக்கு ஏன் வருகிறது? இங்கேதான் மரபணுத் தரவு வேறு விதமாகப் பயன்படுகிறது. 1980களில், இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்தவர்களிடம் புற்றுநோய் அதிகம் என்று சில ஆய்வுகள் கூறின. கொலஸ்ட்ரால் குறைந்ததால் நோயா, நோய் உள்ளே வளர்வதால் கொலஸ்ட்ரால் குறைந்ததா? நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டின் கட்டான் 1986இல் 'லான்செட்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழி சொன்னார். பிறவியிலேயே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மரபணு வகை உடையவர்களைப் பாருங்கள். அவர்களிடம் புற்றுநோய் கூடுதலாக இருக்கிறதா? கருவிலேயே முடிவாகிவிட்ட மரபணுவைப் பின்னால் வரும் நோய் மாற்ற முடியாது. எளிய யோசனைதான், ஆனால் எவ்வளவு கூர்மை! 'மெண்டலிய சமவாய்ப்பு முறை' என்று இன்று சொல்லப்படுவதன் வேர் இதுவே.

இம்முறையில் லட்சக்கணக்கானோரின் தரவை ஆராய்ந்தபோது, உடல் பருமன் குடல் புற்றுநோய்க்கு உண்மையான காரணங்களில் ஒன்று என்பது வலுப்பட்டது. வைட்டமின் டி குறைவுதான் காரணம் என்ற நம்பிக்கைக்கோ இதில் ஆதாரம் கிடைக்கவில்லை. மாத்திரைக்குச் செலவழிப்பவர்கள் வயிற்றின் சுற்றளவையும் கொஞ்சம் கவனிக்கலாம். வலீமா விருந்துகளில் நாமும் அடக்கம்தான்.

இத்தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தினருடையது என்பது ஒரு குறை. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020இல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டம், 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து 2025 ஜனவரியில் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. நம் மக்களுக்குரிய பதில்கள் இனி இதிலிருந்து வரலாம், இன்ஷா அல்லாஹ்.

பரம்பரை என்பது நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல. பிள்ளையின் நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு வந்த கிராமவாசிக்கு, அவருடைய ஒட்டகங்களின் நிறத்தையே காட்டி, முன்னோர் வழி வந்திருக்கலாம் என்று நபி (ஸல்) அவர்கள் புரியவைத்த நிகழ்ச்சி புகாரியில் உள்ளது.

"மவுத்தானவர்களின் நோயை வெளியே சொல்வது புறம் ஆகாதா ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. சிகிச்சைத் தேவைக்காக மருத்துவரிடம் சொல்வது புறம் ஆகாது. யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று நாமே முடிவுகட்டி நாட்டு மருந்து தேடாமல், அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள்.