எனர்ஜி பார் வாங்கும் முன்

எனர்ஜி பார் முதலில் ஓட்டக்காரர்களுக்காக வந்த பண்டம். நெடுந்தூரம் ஓடும்போது உடலில் சேர்த்துவைத்த மாவுச்சத்து பாதி வழியில் தீர்ந்து, கால்கள் துவண்டுவிடும். அதற்கு ஒரு வழி தேடிய கனடா மாரத்தான் வீரர் பிரையன் மேக்ஸ்வெல், 1986-இல் அமெரிக்காவில் பவர்பார் என்ற எனர்ஜி பார் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடுபவருக்கோ சைக்கிள் மிதிப்பவருக்கோ மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உதவும். அவர்களுக்கு பாரில் உள்ள சர்க்கரை எரிபொருள். அதையே நாற்காலியில் உட்கார்ந்தபடி, மாலை டீயோடு சாப்பிடுபவருக்கு அது வெறும் இனிப்புதான்.

ஆகவே எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிறகு உறையைத் திருப்புங்கள். முன்பக்கத்துப் பாதாமும் தேன்துளியும் விளம்பரம். பின்பக்கத்துச் சின்ன எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது.

எடை அதிகமான பொருளில் தொடங்கி இறங்குவரிசையில் உட்பொருட்களை அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. முதலில் ஓட்ஸ் இருந்தால் நமக்குத் திருப்தி வந்துவிடுகிறது. அதோடு நிறுத்தாமல் கீழே படியுங்கள். குளுக்கோஸ் சிரப், வெல்லம், தேன், இன்வர்ட் சிரப் என்று வரிசையாக வரும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஓட்ஸைவிடக் குறைவு. எல்லாவற்றையும் கூட்டினால் ஓட்ஸைத் தாண்டிவிடக்கூடும். இனிப்பை இப்படிப் பல பெயர்களில் பிரித்துப் போடுவது சட்டப்படி சரி, ஆனால் வாங்குபவருக்கு நியாயமில்லை என்பேன். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரையும் கவனியுங்கள். அது மாவிலிருந்து எடுக்கப்படுவது; ரத்தச் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றிவிடும்.

அடுத்தது சத்து அட்டவணை. பெரும்பாலும் 100 கிராமுக்குக் கணக்கு போட்டிருப்பார்கள். கையில் இருப்பதோ 40 கிராம் பார். 100 கிராமில் புரதம் 10 கிராம், சர்க்கரை 35 கிராம் என்றிருந்தால், நீங்கள் சாப்பிடுவது 4 கிராம் புரதமும் 14 கிராம் சர்க்கரையும். ஒரு முட்டையிலேயே சுமார் 6 கிராம் புரதம் உண்டு. சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அந்த 25-இல் பாதிக்கு மேல் ஒரே பாரில் தீர்ந்துவிடலாம்.

புரோட்டீன் பார் வேறு வகை. 60 கிராம் பாரில் 20 கிராம் வரை புரதம் இருக்கும். பளு தூக்கும் பயிற்சி செய்து, சாப்பாட்டுக்கு நேரம் கிடைக்காதவருக்கு அது உதவும். மற்றவர்களுக்கு 50 கிராம் பொட்டுக்கடலையே சுமார் 11 கிராம் புரதம் தந்துவிடுகிறது, விலையும் குறைவு.

‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டிருந்தால் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும், பேதியாகும். சர்க்கரையை விடக் குறைவாக என்றாலும், ரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் முன்பக்கத்து வாசகத்தை மட்டும் நம்பிவிடக்கூடாது. நிலக்கடலை, பால், சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் எச்சரிக்கை வரியைப் படிக்காமல் வாங்கவே வேண்டாம்.

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயும் இந்த இனம்தான். முக்கியமாகக் கடலையும் வெல்லமும்தான். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்து சாப்பிடலாம். அதிலும் இனிப்பு அதிகம் என்பதால் ஒன்றிரண்டு துண்டு போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அவசரத்தில் காலை உணவுக்குப் பதிலாகப் பிள்ளைகளின் பையில் பாரைப் போட்டு அனுப்பும் பழக்கம் வேண்டாம். இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் கட்டிக் கொடுங்கள். பயணத்துக்கும் விளையாட்டு நாளுக்கும் பார் இருக்கட்டும்.